குளியலறையில் கறுத்த காகிதங்கள்

பல்கேரியாவில் யெல்னிட்சா ஊரில் துருக்கியர் எல்லோருடைய பெயரையும் மாற்றிய அந்த ஜனவரியில்தான் பழைய பெயர்கள் வெளிச்சம் விடத் தொடங்கின. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அது. ஆகவே அதை முதலில் கண்டுகொண்டது மனிதர்கள் யாருமில்லை. புகையிலைக் கிடங்கில் மூட்டை தூக்கும் ஃபிக்ரெத்தின் குளியலறையில் அடுக்கி வைத்திருந்த புகைப்படக் காகிதம்தான் கண்டுகொண்டது.

அந்த ஜனவரியை ஊரில் யாரும் விவரித்துச் சொல்வதில்லை. விடியற்காலையில் பனிமேல் லாரிகள் வந்து நின்றன, நாய்களைப் பிடித்துக்கொண்டு சிப்பாய்கள் இறங்கினார்கள், துருக்கியர் வீடுகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஆட்களை ஊர் மன்றத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு மேசை, மேசைமேல் பல்கேரியப் பெயர்களின் பட்டியல். வரிசையில் நின்று ஆளுக்கொரு பெயரை எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். ரேஷன் கடையில் காலணி வாங்குகிற மாதிரிதான், அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஃபிக்ரெத் என்று உள்ளே போனவன் ஃபிலிப் என்று வெளியே வந்தான். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த அவன் மனைவி நெஃபிசே, நெலி ஆனாள். மாடி வீட்டு விதவை சுல்ஃபியேவுக்கு சோன்யா என்று வாய்த்தது. அவள் அந்தப் பெயரைத் தன் வீட்டு ஆட்டுக்கு வைத்துவிட்டு, யாராவது சோன்யா என்று கூப்பிட்டால் ஆட்டைக் காட்டினாள்.

புதுப் பெயருக்குப் புது அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் படம் வேண்டும். ஊரில் இருந்த ஒரே ஸ்டூடியோக்காரர் முதுகுவலி என்று சொல்லிவிட்டு அக்காள் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, மாவட்டத்து ஆட்களே எல்லோரையும் நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். பிரிண்டு போடத்தான் ஆள் இல்லை. ஃபிக்ரெத் கிடங்கின் புகைப்படக் கழகத்தில் இருந்தவன். படத்தைப் பெரிதாக்கும் பழைய என்லார்ஜர் ஒன்றைத் தவணையில் வாங்கி, ஜன்னல் இல்லாத குளியலறையில் தொட்டிமேல் பலகை போட்டு, கல்யாணப் படமும் சுன்னத்துப் படமும் போட்டுத் தருகிறவன். அவன் வீட்டுக் கதவைத் தட்டி, ஃபிலிம் சுருள்களையும் காகிதப் பெட்டிகளையும் மருந்துப் பொட்டலங்களையும் இறக்கி வைத்தவன் வெசெலின் கோச்செவ் என்கிற மாவட்டத்துப் படப்பிரிவு அதிகாரி. மார்ச் மாதம் பிறந்ததும் பேண்டு வாத்தியம் வைத்து அட்டை வழங்கப் போகிறார்கள், அதற்குள் ஊர் மொத்தத்துக்கும் படம் வெள்ளையும் கறுப்புமாகத் தெளிவாக வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். மாட்டேன் என்று சொன்னவர்கள் டான்யூப் ஆற்றுத் தீவின் சிறைமுகாமில் இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஃபிக்ரெத்துக்கு மறுக்கத் தோன்றவில்லை. பிள்ளை பிறக்கும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவன் மனதில் இருந்தது.

முதல் நாள் போட்ட படங்கள் அத்தனையும் சாம்பல் பூத்து வந்தன. முகங்கள் இருந்தன, ஆனால் பனிமூட்டத்துக்குள் நிற்கிறவர்களின் முகங்கள் போல இருந்தன. வெள்ளையாக இருக்க வேண்டிய ஓரம்கூட அடுப்புச் சுவரின் நிறத்தில் இருந்தது. காகிதத்தில் மூட்டம் விழுவது இந்தத் தொழிலில் புதிதல்ல. காகிதம் பழசாகியிருக்கலாம், மருந்து கெட்டிருக்கலாம், சிவப்பு பல்பின் கண்ணாடி வெளுத்திருக்கலாம், கதவிடுக்கில் வெளிச்சம் நுழைந்திருக்கலாம். நோயாளியை மருத்துவர் தட்டிப் பார்ப்பது போல ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதுதான் வழி. அவனும் பார்த்தான். ஒரு தாளை, படத்தை எழுப்பும் டெவலப்பரில் போடாமல் நேராக, படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவில் போட்டான், பால் மாதிரி வெள்ளையாக வந்தது. இன்னொன்றை சிவப்பு பல்பையும் அணைத்துவிட்டுக் கும்மிருட்டில் டெவலப்பரில் போட்டான், சாம்பலாக வந்தது. புதுப் பெட்டியைப் பிரித்தான், புது மருந்து கலக்கினான், சாம்பல் மாறவில்லை. கடைசியில் ஒரு தாளின்மேல் காசு ஒன்றை வைத்து, இருட்டிலேயே சற்று நேரம் காத்திருந்துவிட்டுக் கழுவினான். தாள் முழுக்கச் சாம்பல், நடுவில் காசு இருந்த இடம் மட்டும் வட்டமாக, சுத்த வெள்ளையாக இருந்தது. காகிதமோ மருந்தோ கெட்டிருந்தால் காசுக்கு அடியிலும் கறுத்திருக்க வேண்டும். அந்த இருட்டில் ஏதோ ஒரு வெளிச்சம் மேலிருந்து விழுந்துகொண்டிருக்கிறது. தன் கையைத் தன் கண்முன் ஆட்டிப் பார்த்தான். கை தெரியவில்லை.

கோச்செவ் வந்து பார்த்தான். அவன் கெட்டவன் என்று சொல்ல முடியாது, வேலை தெரிந்தவன். கதவைச் சுற்றிக் கம்பளித் துணி வைத்து ஆணியடிக்கச் சொன்னான், சாவித் துவாரத்தில் மெழுகு ஊற்றினான், காற்றுப் போகிற துவாரத்தைத் தார்க் காகிதத்தால் மூடினான். அதன்பிறகு அந்தக் குளியலறைக்குள் வெளிச்சம் போகவில்லை, உள்ளே இருமினால் வெளியே சத்தமும் கேட்கவில்லை. இருளில் ஒளிரும் முள் வைத்த கைக்கடிகாரம் ஏதாவது கட்டியிருக்கிறாயா என்று கேட்டான். ஃபிக்ரெத்திடம் எந்தக் கடிகாரமும் இருந்ததில்லை. கோச்செவ் தன் நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க, ஃபிக்ரெத் படம் போட்டான். தாள்கள் தும்பைப் பூவாக வந்தன. அவன் போனபிறகு தனியாகப் போட்டான், சாம்பல். மறுநாளும் அப்படியே. மூன்றாம் முறை கோச்செவ் கெட்டுப்போன தாள்களைக் கற்றையாகக் கையில் எடுத்து எண்ணாமலேயே கீழே வைத்தான்.

"நான் நின்னா வெள்ளை, நீ தனியா நின்னா கறுப்பு. இதை நான் மேல போய் எப்படிச் சொல்றது, ஃபிலிப்? நீயே ஒரு வார்த்தை சொல்லிக் கொடு."

"தெரியலை தோழர்."

"தெரியலைன்னு ஒரு குற்றம் சட்டத்துல இல்லை. நாசவேலைன்னுதான் இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் பாரு."

சொல்லிவிட்டு அவன் மற்ற ஊர்களின் படங்களைப் பார்க்கப் போனான். ஃபிக்ரெத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான், சட்டையை மாற்றினான், பிறகு சட்டையே இல்லாமல் குளிரில் நடுங்கிக்கொண்டு போட்டான். சாம்பலில் ஒரு மாற்றமும் இல்லை.

வழி கண்டுபிடித்தது நெஃபிசே. அந்தக் குளிர்காலத்தில் மின்சாரம் மூன்று மணி நேரம் இருக்கும், மூன்று மணி நேரம் இருக்காது. மின்சாரம் போன ஒரு சாயங்காலம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கூடையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், ஒரு ஆணியைத் தலைகீழாக, கொண்டை கீழேயும் கூர் மேலேயுமாக மேசையில் நிறுத்தினாள். அதன் நிழல் மெழுகுவர்த்திக்கு எதிர்ப்பக்கம் நீளமாக விழுந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். காசு வட்டமாக இருக்கிறது, அது வெளிச்சம் உண்டு என்று சொல்லும், எங்கேயிருந்து என்று சொல்லாது, ஆணியை வைத்துப் பார் என்றாள். ஃபிக்ரெத் பெரிய தாள் ஒன்றைப் பலகையில் விரித்து, அதன்மேல் ஆணிகளை அங்கங்கே நிறுத்தி, இருட்டில் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று, வழக்கமாகக் காத்திருக்கிற நேரம் காத்திருந்தான். கழுவி எடுத்தபோது சாம்பல் தாளில் வெள்ளைக் கோடுகள் இருந்தன, ஆணிக்கு ஒன்றாக. எல்லாம் சுவர்ப்பக்கம் விசிறி போல விரிந்திருந்தன. தாள் காய்ந்ததும் அதைப் பழைய இடத்தில் வைத்து, ஆணிகளையும் அந்தந்தக் கோட்டின் அடியில் நிறுத்தினார்கள். நெஃபிசே புகையிலை கோர்க்கிற நூலை எடுத்து, வெள்ளைக் கோட்டின் நுனியில் ஒரு முனையை ஒட்டி, ஆணியின் கூர்முனையைத் தொட்டபடி மேலே இழுத்துக்கொண்டே வந்தாள். நிழல் எந்த வழியாக விழுந்ததோ அந்த வழியாகவே நூல் ஏறியது. ஃபிக்ரெத் தன் இடத்தில் அசையாமல் நின்றான். நூல் அவன் மார்பைத் தாண்டியது, தாடையைத் தாண்டியது, கீழ் உதட்டில் வந்து நின்றது. இரண்டாவது ஆணியில் இருந்து இழுத்தாள். அதுவும் அங்கேதான் வந்தது. மூன்றாவதை இழுக்காமல் அவள் நூலைக் கீழே வைத்தாள்.

"வாயில என்னய்யா வச்சிருக்கே?"

"ஒண்ணுமில்லை. நீயே பாரு."

அவள் அவன் வாயைத் திறந்து, மெழுகுவர்த்தியைப் பிடித்து, மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பற்கள் இருந்தன, இரண்டு இல்லை, நாக்கு இருந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அவனோடு இருட்டில் நின்றாள். நீ பாட்டுக்கு வேலையைப் பார், நான் இங்கே இல்லை என்று நினைத்துக்கொள் என்றாள். அவன் தாளை டெவலப்பரில் நழுவவிட்டான். உடனே அவன் முணுமுணுப்பது அவள் காதுக்குக் கேட்டது. அவனுக்கு மட்டும்தான் அது அதுவரை கேட்டதில்லை, குறட்டை விடுகிறவனுக்குத் தன் குறட்டை கேட்காதது போல. கடிகாரம் இல்லாதவன் நேரத்தை எப்படியாவது அளந்தாக வேண்டுமே. அவன் தான் பிறந்த, யெல்னிட்சாவோடு சேர்ந்த மலைக் கிராமத்தின் மேல்முனை வீட்டில் தொடங்கி, வீடு வீடாக இறங்கி, அந்தந்த வீட்டு ஆட்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே வருவான். ஹம்தி, அவர் பெண்டாட்டி செஹெர், பிள்ளைகள் நாஜி, ரெம்சியே, அடுத்து நொண்டி துர்முஷ், அவன் தம்பி ஷாபான். ஆளுக்கொரு மூச்சு. பேர்கள் முடிந்து ஊற்றடி வீட்டுக்கு வரும்போது படம் சரியாகப் பதமாகியிருக்கும். பையனாக இருந்து புகையிலை இலை கோர்த்த காலத்திலிருந்து அவனுக்கு எண்ணிக்கை என்றால் அதுதான். அதிகாரி பக்கத்தில் நின்றபோது மட்டும் பயத்தில் வாய் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயர்களில் ஒன்றுகூட இப்போது சட்டப்படி உயிரோடு இல்லை. நெஃபிசே இருட்டில் அவன் வாயைப் பொத்தினாள்.

நம்பாமல், பிறகும் சோதித்தார்கள். ஒரு தாளுக்குமேல் குனிந்து அவன் தன் புதுப் பெயரைச் சொன்னான். ஃபிலிப், ஃபிலிப், ஃபிலிப் என்று தொண்டை வறளும்வரை சொன்னான். தாள் வெள்ளையாக வந்தது. செத்துப்போன தன் அப்பாவின் பெயரை ஒரே ஒரு முறை சொன்னான். அடுப்புக்கரியைத் தேய்த்தது போல நடுவில் ஒரு கறுப்பு, ஓரத்துக்குப் போகப் போக மெலிந்து வந்தது. நெஃபிசே தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். மாமனாரை அவள் பார்த்ததில்லை.

சனிக்கிழமைக்குள் படம் வேண்டும். புதுப் பெயர்களைச் சொல்லி எண்ணிப் பார்த்தான், ஆனால் யாருக்கு என்ன பெயர் வந்தது என்று யோசித்து யோசித்து நின்றதில் படங்களெல்லாம் தீய்ந்து போயின. கடைசியில் வாய் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றான், நெஃபிசே அவன் தோளில் தட்டித் தட்டி நேரம் சொன்னாள். படங்கள் தும்பைப் பூவாக வந்தன. ஹம்தியும் செஹெரும் துர்முஷும் ஷாபானும் தட்டுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக மேலெழுந்து அவனைப் பார்த்தார்கள். அவன் வாய் திறக்கவில்லை. கோச்செவ் வந்து படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றான். மீதிப் படங்களை மாதக் கடைசிக்குள் முடி, உன் என்லார்ஜரும் மிச்சக் காகிதமும் அரசாங்கத்துக்கு வேண்டும், அப்போது வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். தீவு என்ற பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சுல்ஃபியே ஃபிக்ரெத்தின் வாளிக்கு முன்னால் தன் வாளியை வைத்தாள். எல்லோருடைய மூஞ்சியையும் அழகாகப் போட்டுக் கொடுத்தாயாமே என்றாள். அன்றைக்கு நெஃபிசே மாடிக்கு ஏறிப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாங்கல்லாம் வாயில மண்ணைப் போட்டு அடைச்சுக்கிட்டுத் திரியறோம். உன் புருஷன் உள்ள விளக்கேத்திக்கிட்டு இருக்கானாக்கும்," என்றாள் சுல்ஃபியே. சிரித்தபடிதான் சொன்னாள், ஆனால் மாடிப்படியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டுவிட்டாள். என் பேரும் எரியுமா என்று கேட்டாள். கீழே வந்து இருட்டில் ஒரு தாளுக்குமேல் குனிந்து தன் பேரைச் சொன்னாள். கறுத்த தாளைக் கழுவிக் காயவைத்து, மடிக்காமல் மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பிறகு வேறு சிலரும் வந்தார்கள். படம் சரியில்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். கெட்டுப்போன காகிதம் என்று அரசாங்கக் கணக்கில் கழிந்ததெல்லாம் இப்படி மெத்தைகளுக்குக் கீழே போய்ச் சேர்ந்தது.

பிப்ரவரி கடைசியில் நெஃபிசே பெண் குழந்தை பெற்றாள். மருத்துவமனையில் பட்டியலைப் பார்த்து ஸ்னெஷானா என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபிறகுதான் ஃபிக்ரெத்துக்கு உறைத்தது. இந்தக் குழந்தைக்கு மாற்றுவதற்குக்கூட ஒரு பழைய பெயர் கிடையாது. வழக்கம் என்றால் வலது காதில் பாங்கு சொல்லி, பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். அதற்கு அந்த மாதம் என்ன தண்டனை என்பது ஊருக்கே தெரியும். சுவருக்குச் சுவர் காது இருந்தது. காது இல்லாத இடம் ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது, கோச்செவ் கம்பளி வைத்து ஆணியடித்து, மெழுகு ஊற்றி, தார்க் காகிதம் ஒட்டிக் கொடுத்த குளியலறை.

மத்தியானம், மின்சாரம் போயிருந்த நேரத்தில் போனார்கள். நெஃபிசே, குழந்தை, ஃபிக்ரெத், சுல்ஃபியே, இன்னும் அக்கம்பக்கத்தார் சிலர். தொட்டிக்குள் இரண்டு பேர் நின்றார்கள், ஒருவர் கழுவுத்தொட்டிமேல் ஏறிக்கொண்டார். கதவு மூடியது. ஃபிக்ரெத் தடவிக் குழந்தையின் காதைக் கண்டுபிடித்து, பாங்கை மெதுவாகச் சொல்லி, ஹனிஃபே என்றான். இரண்டாம் முறை ஹனிஃபே என்றபோது அவனுக்குத் தன் கைவிரல்கள் தெரிந்தன. மூன்றாம் முறை சொன்னபோது நெஃபிசேவின் முகம் தெரிந்தது, சுவரில் மாட்டியிருந்த துண்டின் கோடுகள் தெரிந்தன, தொட்டிக்குள் நின்றவர்களின் திறந்த வாய்கள் தெரிந்தன. விளக்கு எங்கேயும் இல்லை. குழந்தை கண்ணைச் சுருக்கித் தும்மியது. சுல்ஃபியே முதலில் தன் பெயரைச் சொன்னாள், திரி தூண்டியது போல வெளிச்சம் கூடியது. பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தம் பெயர் முடிந்ததும் செத்தவர்களின் பெயர்களைச் சொன்னார்கள். மேல்முனை வீட்டிலிருந்து ஊற்றடி வீடுவரை ஃபிக்ரெத் சொன்னான், இந்த முறை உரக்க. அறை நாற்பது வாட் பல்பு போட்டது போல ஆனது. எல்லோரும் வாயை மூடிய பிறகும் அது அணையவில்லை.

கம்பளி நன்றாக அடைத்திருந்ததால் வாசற்கதவைத் தட்டியது அவர்களுக்குக் கேட்கவில்லை. என்லார்ஜரை எடுத்துப்போக வந்த கோச்செவ் நேராக உள்ளே வந்து குளியலறைக் கதவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான். கை தன்னால் சுவரிலிருந்த சுவிட்சுக்குப் போனது. அழுத்தினான், மறுபடி அழுத்தினான், வெளிச்சம் தன்பாட்டுக்கு இருந்தது. கூடத்தில் மின்சாரம் இல்லை என்பது அவனுக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. எங்கே பல்பு என்று கேட்டான். பல்பு இல்லை தோழர் என்றான் ஃபிக்ரெத். அவன் நெஃபிசேவை ஒரு கையால் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தான். தீவுக்குப் போவதற்கு என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த நேரத்தில் அவன் மனம் கணக்குப் போட்டது, கம்பளி உள்சட்டை, சோப்பு.

கோச்செவ் மற்றவர்களை வெளியே போகச் சொன்னான். அவர்கள் போனார்கள், வெளிச்சம் போகவில்லை. பெட்டியிலிருந்து ஒரு தாளை உருவினான். உருவும்போதே அதன்மேல் வெளிச்சம் விழுந்துவிட்டது. டெவலப்பரில் போட்டதும் அது தார் மாதிரி கறுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, தொழில்காரன் தொழில்காரனைப் பார்க்கிற மாதிரி ஃபிக்ரெத்தைப் பார்த்தான்.

"யார் போட்டது இந்த வெளிச்சம்?"

"குழந்தைக்குப் பேர் வச்சோம்."

கோச்செவ் கறுத்த தாளைத் திரும்பத் தட்டில் போட்டான். பிறகு, யாரும் கேட்கக்கூடாத குரலில், வெசெலின் என்று தன் பெயரைச் சொன்னான். காத்திருந்தான். வெளிச்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவன் பெயரை யாரும் எடுக்கவில்லை, அதனால் அது பேசாமல் இருந்தது. அவன் காது மடல் சிவந்துவிட்டது. பையிலிருந்து காகிதம் எடுத்து, தொட்டிப் பலகையில் வைத்து, குளியலறை வெளிச்சத்திலேயே எழுதினான். இந்த அறையில் வெளிச்சத்தைத் தடுக்க இயலவில்லை, ஆகவே புகைப்பட வேலைக்கு ஏற்றதல்ல, இங்கே குடியிருப்பவரை இந்தப் பணியிலிருந்து விடுவிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வேறு எதுவும் எழுதவில்லை. எழுதுவதற்கு அவனுக்கு வேறு சொல்லும் கிடைத்திருக்காது. என்லார்ஜரைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கியவன் பாதியில் நின்று, கதவை மூடி வையுங்கள், கம்பளியைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஃபிக்ரெத்தைத் தேடி யாரும் வரவில்லை. பேண்டு வாத்தியத்தோடு அட்டைகள் வழங்கப்பட்டன, வாங்கியவர்கள் அலமாரியில் போட்டார்கள். மின்சாரம் இல்லாத சாயங்காலங்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள் காலுறை தைக்கவும் பயறு பொறுக்கவும் அந்தக் குளியலறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். யாராவது குளிக்க வேண்டும் என்றால் எழுந்து போவார்கள். சில வருடங்களில் பாதி ஊர் எல்லையைத் தாண்டித் துருக்கிக்குப் போனது, மீதிப் பேர் இருந்தார்கள், ஃபிக்ரெத்தும் இருந்தான். அதற்கடுத்த வருடம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர்களுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெயர் திரும்பி வந்தபிறகு வெளிச்சம் போய்விடுமோ என்று நெஃபிசே கொஞ்ச நாள் கவனித்துப் பார்த்தாள். போகவில்லை. விருந்தாளிகள் சுவிட்சைத் தேடித் தடுமாறுகிறார்கள் என்பதற்காக ஒரு பல்பு மட்டும் மாட்டிவைத்தார்கள்.

ஹனிஃபே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் ஆற்றுத் தெருவில் கூடப் படிக்கிறவள் வீட்டுக்கு விளையாடப் போனாள். குளியலறைக் கதவைச் சாத்தியவள் சாத்திய வேகத்திலேயே வெளியே வந்து, அடுப்படியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த அந்த வீட்டுக்காரியின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, உங்க வீட்டுக் குளியலறை கெட்டுப்போச்சு," என்றாள். "உள்ளே ஒண்ணுமே தெரியலை."